முக்கொம்பில் இறங்கிய கிரேக்கர்

அந்தக் கிரேக்கருக்கு மேல்முறையீடே கிடையாது என்பதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. காலையில் விசாரணை, சாயங்காலம் தீர்ப்பு, தண்டனை மரணம், அத்தோடு வழக்குக் கட்டு மூடப்பட்டது. மேல் கோர்ட் இல்லை, கருணை மனு இல்லை, தீர்ப்பு நகல் கேட்டு விண்ணப்பிக்கக்கூட வழியில்லை. வாழ்நாள் முழுக்க கோர்ட்டில் கழித்து, சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவனிடம் இப்படி ஒரு நாடகத்தைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டால் என்ன சொல்வான்? "நடைமுறைப் பிழை இருக்குங்க" என்றேன்.

"ரெண்டாயிரத்துச் சொச்ச வருஷத்துக்கு முந்தின கேஸ் சார். இப்ப திருத்த முடியாது" என்றார் டீச்சர்.

"திருத்த முடியாதுன்னா உங்க மெஷின் எதுக்கு?"

நாடகத்தை எழுதிய டீச்சர் ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் இருக்கிறார். பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு மற்றவர்கள் சர்க்கரை அளவு பார்ப்பதைப் போல இவர் விஞ்ஞானக் கதை எழுதுகிறார், காலையில், வெறும் வயிற்றில். குடியிருப்பின் ஆண்டு விழாவுக்காக எழுதிய நாடகம் இது. ஏதென்ஸ் சிறையில் விஷக் கோப்பைக்காகக் காத்திருக்கும் தத்துவஞானியைத் திருச்சி விஞ்ஞானி ஒருத்தி கால இயந்திரத்தில் ஏற்றி இன்றைய தேதிக்குக் கொண்டுவந்துவிடுகிறாள். குறி கொஞ்சம் தவறி, இயந்திரம் முக்கொம்பில் இறங்குகிறது. அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு அழைத்து வரப்படும் கிரேக்கர், எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் கேள்வி கேட்கிறார். டீக்கடையில் கூட்டம் சேருகிறது. ஆதார் அட்டை இல்லாத குற்றத்துக்காக ஓர் இன்ஸ்பெக்டர் பிடித்துப் போகிறார். அவரையும் கேள்வி கேட்கிறார். கடைசியில் விஞ்ஞானி அவரிடம் இரண்டு வழிகளை வைக்கிறாள். இங்கேயே தங்கினால் உயிர் பிழைக்கலாம். திரும்பிப் போனால் விஷம். அவர் திரும்பிப் போகிறார்.

முக்கொம்பை எதற்கு இழுத்தீர்கள் என்று கேட்டேன்.

"காவிரி அங்கதான ரெண்டா பிரியுது. ஒண்ணு காவிரியாவே வருது, ஒண்ணு கொள்ளிடமாப் போவுது. காலமும் அப்படித்தான் சார். அவர் தங்கிட்டா ஒரு கிளை, திரும்பிட்டா ஒரு கிளை."

"எந்தக் கிளைக்கு ஷட்டர் தூக்கணும்னு யாரு முடிவு பண்றது?"

"அவர்தான். அதுதான் நாடகம்."

எனக்கு இந்தக் கால இயந்திரம் அவ்வளவு புதிய கருவியாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்குப் பி.டி. வாரண்ட் என்று பெயர். ஒரு சிறையில் இருக்கும் கைதியை வேறொரு கோர்ட் விசாரிக்க விரும்பினால் அந்த வாரண்டை அனுப்பி வரவழைக்கும். வேலை முடிந்ததும் அதே கைதியை, அதே நிலையில், அதே சிறையில் ஒப்படைக்க வேண்டும். நடுவில் அவனை யாரும் விடுதலை செய்ய முடியாது. டீச்சரின் விஞ்ஞானிக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கிரேக்கர் எப்படித் தமிழ் பேசுகிறார் என்றும் கேட்டேன். இயந்திரத்திலேயே மொழிபெயர்ப்புக் கருவி இருக்கிறதாம். மொழிபெயர்ப்பாளருக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைக்காமல் சாட்சியத்தைப் பதிவு செய்வது செல்லாது என்றேன். டீச்சர் என்னை ப்ராம்ப்டராகப் போட்டுவிட்டார். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கிற வேலை. மேடைக்கு முன்னால் உட்காரவைத்தால் ஆட்சேபணை எழுப்பிக்கொண்டே இருப்பேன் என்ற பயம்தான் காரணம்.

காலப் பயணக் கதைகள் நானும் சில படித்திருக்கிறேன். இந்தக் கிரேக்கரைக் கூட்டி வருகிற எல்லோரும் ஒரே கணக்குதான் போடுகிறார்கள். மின்விளக்கைக் காட்டினால், மாத்திரையைக் காட்டினால், தங்கிவிடுவார் என்று. அந்த மனிதருடைய நண்பர்கள் ஏற்கெனவே காவலாளியைச் சரிக்கட்டி, தப்பிக்க வழி செய்து வைத்திருந்தார்கள். அவர்தான் வரமாட்டேன் என்றார். சிறைக்கதவு வழியாகப் போகாதவர் இயந்திரக் கதவு வழியாக மட்டும் போய்விடுவாரா? இந்த ஒரு விஷயத்தில் டீச்சரின் நாடகம் மற்றவற்றைவிட நேர்மையானது. இதை அவரிடம் நான் சொல்லவில்லை.

கிரேக்கராக நடித்தவர் தரைத் தளத்து மாஸ்டர். பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்தவர், மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார். கிரேக்கரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் சப்பை மூக்கு, துருத்திய கண்கள், தொந்தி, வெறுங்கால் என்றே எழுதியிருக்கிறார்கள். மாஸ்டருக்கு ஒப்பனைச் செலவே இல்லை. மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவனை விசில் இல்லாமல் கூப்பிடுகிற குரல் வேறு. மணப்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பம். அம்மா மண்டபம் சாலையில் அவரோடு நடந்தால் பூக்கடையிலிருந்து ஒரு வணக்கம், மெக்கானிக் கடைக்குள்ளிருந்து ஒரு வணக்கம், பஸ் டிரைவரிடமிருந்து ஓர் ஆரன். எல்லோரும் ஏதோ ஒரு காலத்தில் அவரிடம் மைதானத்தைச் சுற்றி ஓடியவர்கள்.

ஒத்திகை தொடங்கிய சில நாட்களில் அவர் வீட்டில் பால் பாத்திரம் கரிந்து புகை மூன்றாம் தளம் வரை ஏறியது. அவர் ஹாலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இருமவும் செய்தார். ஆனால் அடுப்பு தன்னுடையது என்று அவருக்குத் தோன்றவில்லை. குடியிருப்பின் செயலாளர் அன்றே பூனாவில் இருக்கும் மகனுக்கு போன் செய்துவிட்டார்.

மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "புத்தூர்ல ஒரு டாக்டர் இருக்காராம். மூளைக்கு. துணைக்கு வாங்க சிரஸ்தார்."

போனோம். டாக்டர் இளைஞர், பொறுமையானவர். இன்று என்ன கிழமை என்று கேட்டார்.

"நீங்க சொல்லுங்க பாப்போம்" என்றார் மாஸ்டர்.

"நான் சொல்லிடுவேன் சார். நீங்க சொல்லணும்."

"கிழமை தெரிஞ்சு என்ன ஆகப்போவுது? உங்களுக்கு ஓ.பி. என்னைக்கு?"

"தினமும்தான் சார்."

"அப்ப உங்களுக்கும் கிழமை கிடையாது."

டாக்டர் சிரித்தார். ஆனால் ஏமாறவில்லை. ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். மாஸ்டர் வட்டத்தை அழகாகப் போட்டார். எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதினார். எழுதிவிட்டு, மறுபக்கம் காலியாக இருப்பதை அவரே பார்த்துக்கொண்டிருந்தார். 

இது மறதி நோயின் தொடக்கம், மருந்து மெதுவாக்கும், நிறுத்தாது, தனியாக விட வேண்டாம் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மருந்துக் கடை வாசலில் மாஸ்டர் என் முழங்கையைப் பிடித்தார். "யாருகிட்டயும் சொல்லக்கூடாது. முக்கியமா என் பையன்கிட்ட."

"டாக்டர் தனியா விட வேணாம்னுட்டாரே."

"இந்த ஊர்ல நான் எங்க தனியா இருக்கேன்? ரோட்டுல இறங்குனா பத்து பேரு மாஸ்டர், மாஸ்டர்னு கூப்புடுறான். நான் யாருன்னு எனக்கு மறந்தாலும் அவனுங்க சொல்லிடுவானுங்க. பூனாவுல யாரு சொல்லுவா? அங்க நான் லிஃப்டுல போற ஒரு கெழவன்."

நான் டாக்டர் சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

மகன் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டான். வருகிறேன், பார்க்கிறேன், சரியாக இருந்தால் அப்பா இங்கேயே இருக்கட்டும், இல்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். அவன் விமானம் ஏறிய நாளும் எங்கள் நாடக நாளும் ஒன்றாக அமைந்தன. மாஸ்டர் அதில் ஒரு வழி கண்டார். "ரெண்டு மணி நேரம் மேடையில நின்னு வசனம் பேசுறவனை மறதிக்காரன்னு எவன் சொல்லுவான்?"

பிரச்சினை ஒன்றுதான். அவரால் இரண்டு நிமிடம்கூட வசனம் பேச முடியவில்லை.

ஒத்திகை மொட்டை மாடியில் நடந்தது. முதல் காட்சியில் கிரேக்கர் நீதியைப் பற்றி நீளமாகப் பேச வேண்டும். மாஸ்டர் தொடங்குவார், நடுவில் நிற்பார். நான் எடுத்துக் கொடுப்பேன். நான் கொடுத்த வார்த்தையைச் சொல்வார், அதற்கடுத்த வார்த்தைக்காக நிற்பார். டீச்சரிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. டீச்சர் வேறு ஆளைப் போடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். முகத்தில் தெரிந்தது. பிறகு, "என்ன செய்யலாம் சார்?" என்று என்னையே கேட்டார்.

அப்போதுதான் டாக்டர் அறை ஞாபகம் வந்தது. தெரியாத ஒவ்வொரு கேள்விக்கும் மாஸ்டர் ஒரு கேள்வியைத்தான் பதிலாகக் கொடுத்தார். ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. பதில் சொல்லத்தான் ஞாபகம் வேண்டும், கேள்வி கேட்க அது வேண்டியதில்லை. அந்தக் கிரேக்கரைப் பற்றி டீச்சர் கொடுத்த புத்தகங்களை மறுபடி புரட்டினேன். எங்கள் கோர்ட்டில் தினமும் பார்த்ததுதான். மனிதர் வாழ்நாள் முழுவதும் செய்தது குறுக்கு விசாரணை. எதிராளி நீளமாகப் பேசுவான், இவர் ஒற்றைக் கேள்வி போடுவார், அவன் இன்னும் நீளமாகப் பேசி மாட்டிக்கொள்வான். குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலுக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று எங்கள் பழைய பெஞ்ச் கிளார்க் ஒருவர் சொல்வார்.

வசனங்களைப் பிடுங்கி மற்றவர்களுக்குக் கொடுத்தோம். கிரேக்கருக்குக் கேள்வி மட்டும். ஒன்றும் தோன்றாதபோது கேட்க ஒரு பொதுக் கேள்வி: "அப்படின்னா என்ன?" நீதி என்றால், அப்படின்னா என்ன. ஆதார் என்றால், அப்படின்னா என்ன. கடைசிக் காட்சியில் மட்டும், தன்னை வளர்த்த ஊரின் சட்டத்தைப் பற்றிய ஒரு பேச்சை விட முடியவில்லை. அதை வரிவரியாக நான் ஊட்டுவதாக ஏற்பாடு. இன்ஸ்பெக்டராக நடித்த மெடிக்கல்காரர், எதிர்ச்சாரியில் மருந்துக் கடை வைத்திருப்பவர், தன் வசனம் மூன்று மடங்கானதில் பூரித்துப்போனார். அவரிடம் காரணம் சொல்லவில்லை. "அவர் என்ன கேட்டாலும், ஏன் கேக்குறார்னு நினைக்காதீங்க. பதில் சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டே இருங்க" என்று மட்டும் சொன்னேன்.

"சம்பந்தமில்லாம கேட்டா?"

"அவரு தத்துவஞானிங்க. எல்லாமே சம்பந்தம்தான்."

மகன் நாடகத்தன்று மத்தியானம் வந்தான். நான்தான் வாசலில் நின்றேன். மாஸ்டரை மண்டபத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டிருந்தோம். கணினி வேலைக்காரர்களுக்கே உரிய தூக்கமில்லாத கண்கள், முதுகில் ஒரு பை.

"அப்பா எப்படி இருக்காரு அங்கிள்? உண்மையைச் சொல்லுங்க."

"நேரா நாடகத்துக்கு வா தம்பி. நீயே பாரு" என்றேன். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் இருப்பது எப்படி என்று ஆயிரம் சாட்சிகளிடம் பார்த்தவன் நான். இவ்வளவு சுலபமாக வரும் என்று தெரியாது.

மண்டபம் நிறைந்திருந்தது. பின்திரையில் ஒரு கிழிசல் இருந்தது, அதன் வழியாக மேடையும் முன்வரிசைகளும் எனக்குத் தெரிந்தன. மகன் இரண்டாவது வரிசையில் ஓர நாற்காலியில் உட்கார்ந்தான். கைகளைக் கட்டிக்கொண்டிருந்தான்.

குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப் பெட்டியில் வெள்ளித்தாள் ஒட்டி, சீரியல் விளக்குப் போட்டதுதான் கால இயந்திரம். அதிலிருந்து மாஸ்டர் வெள்ளைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கியதும் கைதட்டல் எழுந்தது. விஞ்ஞானி வேடத்தில் டீச்சர்.

"இது எந்த ஊரு?" என்றார் மாஸ்டர். வசனப்படி.

"முக்கொம்பு ஐயா. திருச்சிக்குப் பக்கத்துல."

"அப்படின்னா என்ன?"

சிரிப்பு. டீச்சர் காவிரி பிரிவதை விளக்கினார். மாஸ்டர், "ரெண்டா பிரிஞ்சப்புறம் எது பழைய ஆறு?" என்று கேட்டார். அது எழுதப்பட்ட கேள்வி, அவர் மறக்காமல் கேட்டார். 

டீக்கடைக் காட்சியும் போயிற்று. முறுக்குத் தட்டை நீட்டியபோது, "இதுல தொடக்கம் எது, முடிவு எது?" என்று அவராகவே கேட்டதில் மண்டபம் அதிர்ந்தது. மகன் கையைப் பிரித்துவிட்டுச் சிரித்ததைப் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் காட்சியில்தான் சிக்கல் வந்தது. மெடிக்கல்காரர் மிடுக்காக நடந்து வந்து, "பேரு என்ன? ஊரு என்ன?" என்று அதட்டினார். அடுத்து கிரேக்கர், "பேரைத் தெரிஞ்சுக்கிட்டா ஆளைத் தெரிஞ்சுக்கிட்ட மாதிரியா?" என்று கேட்க வேண்டும். மாஸ்டர் கேட்கவில்லை. மேடையைச் சுற்றிப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். நான் வசனத்தை எடுத்துக் கொடுத்தேன், இரண்டு முறை. அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"இது எந்த ஊரு?" என்றார் மறுபடி.

குரல் வேறாக இருந்தது. எனக்குத் தெரிந்தது, டீச்சருக்குத் தெரிந்தது. மெடிக்கல்காரருக்குத் தெரியவில்லை. சொன்னபடியே செய்தார். "ஸ்ரீரங்கம் ஐயா! இறக்கிவிட்ட ஊரே தெரியலையா? ஆதார் எங்க?"

"நான் எப்ப வந்தேன்?"

"அதைத்தான நான் கேக்குறேன்!"

மண்டபம் குலுங்கியது. எல்லாம் கிரேக்கரின் குறும்பு என்று நினைத்துச் சிரித்தார்கள்.  டீச்சர் ஓரமாக வந்து மாஸ்டரின் தோளைத் தொட்டு, நாடகத்தில் இல்லாத ஒரு வசனத்தைச் சொன்னார்: "நாங்க இருக்கோம் ஐயா. உக்காருங்க." மாஸ்டர் உட்கார்ந்தார். மெடிக்கல்காரர் ஆதாரின் மகிமையைத் தனியாகவே பேசி முடித்தார். திரை விழுந்தது.

இடைவேளையில் மகன் உள்ளே வந்தான். நான் தடுக்க எழுந்தேன், முடியவில்லை. மாஸ்டர் நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். மகன் அவர் முன்னால் போய் நின்று, "பிரமாதம்!" என்றான்.

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். மரியாதையாகக் கேட்டார். "நீங்க யாருங்க?"

மகன் ஒரு நொடி விழித்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்து, கைகூப்பினான். "நான் தங்களுடைய சிஷ்யன் ஐயா!"

"அப்படிங்களா" என்றார் மாஸ்டர். "சாப்டீங்களா?"

"வேஷம் கலையாம இருக்காரு பாருங்க!" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வெளியே போகும் வழியில் என் காதருகே குனிந்தான். "அந்த செகரட்டரி என்னென்னவோ சொல்லிப் பயமுறுத்திட்டாரு அங்கிள். அப்பா என்னைவிட நல்லா இருக்காரு. நாளைக்கே கிளம்பிடுறேன்."

ஏற்பாடு ஜெயித்துவிட்டது. நாங்கள் கேட்ட தீர்ப்பு கேட்டபடியே கிடைத்தது. டீச்சர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "சொல்லிடலாமா சார்?" என்றார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், மகன் போன திசையை. கொஞ்ச நேரம் கழித்து, "வந்துட்டுப் போனது யாரு?" என்று கேட்டார்.

"உங்க பையன்."

 தண்ணீர் கேட்டார், குடித்தார். மணி அடித்தது.

இரண்டாம் பகுதியில் அவர் தடுமாறவே இல்லை. கேள்விகளைச் சரியான இடத்தில், சரியான குரலில் கேட்டார். எனக்கு அதுதான் அதிகக் கவலையாக இருந்தது. எல்லாவற்றையும் மறப்பவர் திடீரென்று ஒன்றையும் மறக்கவில்லை என்றால் அவர் எதையோ முடிவு செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

கடைசிக் காட்சி. பக்கவாட்டில் இயந்திரம் மினுக்கியது. டீச்சர் கைகூப்பிக் கேட்டார். "போகாதீங்க ஐயா. அங்க உங்களுக்கு விஷம்தான் காத்திருக்கு. இங்க உங்களை யாரும் தேடமாட்டாங்க. நாங்க பாத்துக்குறோம்."

இங்கே அந்தச் சட்டப் பேச்சு. மாஸ்டர் பேசவில்லை. நான் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். "என்னை வளர்த்த ஊரின் சட்டம்..."

 கொஞ்சம் உரக்கச் சொன்னேன். "என்னை வளர்த்த..."

"கேக்குது சிரஸ்தார்" என்றார் மாஸ்டர், திரையைப் பார்த்து. "நிறுத்துங்க."

மண்டபம் சிரித்தது. அவர் சிரிப்பு அடங்கும் வரை நின்றார். பள்ளி மைதானத்தில் வரிசை ஒழுங்காகும் வரை நின்றிருப்பாரே, அப்படி.

"அந்தத் திரைக்குப் பின்னாடி இருக்கறவரு எனக்கு வாயில வார்த்தையை வச்சுக்கிட்டே இருக்காரு. நல்ல மனுஷன். இந்த டீச்சரும்தான். எனக்காகத்தான் எல்லாம் செய்யிறாங்க." மேடையின் விளிம்புக்கு வந்தார். இரண்டாவது வரிசையைத் தேடிக் கண்டுபிடித்தார். "தம்பி. இப்ப உள்ள வந்து பேசுனியே, நீங்க யாருன்னு கேட்டேனே. அது நாடகத்துக்காக இல்லப்பா. எனக்கு நெசமாவே தெரியலை."

போர்வையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கொஞ்ச நாளாவே இப்படித்தான் இருக்கு. டாக்டர் சொல்லிட்டாரு. நான்தான் இவங்களைச் சொல்லவேணாம்னேன். நீ சிரிச்ச பாரு, அப்ப எனக்கு ஒண்ணும் புரியலை. அப்புறமா இவரு சொன்னாரு, அது என் பையன்னு. நீ சிரிச்சுட்டே ஊருக்குப் போயிட்டா, அடுத்த தடவை தெரியாம போறப்ப நான் யாரைக் கேக்குறது?"

பிறகு கைதட்டல் வெடித்தது. அப்படி ஒரு கைதட்டலை அந்த மண்டபம் கேட்டிருக்காது. விசில்கூட அடித்தார்கள். முன்வரிசையில் ஒரு மாமி கண்ணைத் துடைத்தபடி பக்கத்திலிருந்தவரிடம், "டீச்சர் என்னமா எழுதியிருக்கா பாருங்கோ" என்றார். ஒருவன் மட்டும் கை தட்டவில்லை. அவன் எழுந்து நின்றிருந்தான். இரண்டு கையாலும் முன் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தான்.

டீச்சர், "இயந்திரம் தயார் ஐயா" என்றார். மாஸ்டர் தலையைக் குனிந்து அந்த அட்டைப் பெட்டிக்குள் போனார். திரையை நானே இழுத்தேன்.

ஒப்பனை அறையில் மகன் தேங்காய் எண்ணெயில் பஞ்சை நனைத்து அப்பாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் கதவருகே நின்றேன். திரும்பாமலே கேட்டான். "எப்பலேர்ந்து தெரியும் அங்கிள்?"

"டாக்டர் சொன்ன அன்னைக்கே."

"மத்தியானம் கேட்டேனே உங்ககிட்ட."

"கேட்ட."

"உங்க கோர்ட்டுல இதுக்கு என்ன பேரு?"

"சாட்சியத்தை மறைக்கிறது" என்றேன். பேர் தெரியாத குற்றம் எதுவும் என்னிடம் கிடையாது.

"அவரை விடுறா" என்றார் மாஸ்டர். "அவரு வாரண்ட் இல்லாம வாயைத் திறக்க மாட்டாரு. நான்தான் வாரண்டு குடுக்கலை."

மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வேண்டாத இடத்தில் வருவதைப் போல. பஞ்சைக் கீழே போட்டுவிட்டு அப்பாவின் முன்னால் குந்தினான். "என்னோட வர்றீங்களாப்பா? இழுத்துட்டுப் போகலை. கேக்குறேன்."

"அங்க எனக்கு யாரையும் தெரியாது."

"என்னைத் தெரியும்."

"சில நேரம்."

"சில நேரம்" என்று மகன் ஒப்புக்கொண்டான். "மத்த நேரத்துக்கு நான் சொல்றேன். எத்தனை தடவை கேட்டாலும். சிரிக்க மாட்டேன்."

மாஸ்டர் வெகுநேரம் அவன் முகத்தைப் பார்த்தார். மனப்பாடம் செய்கிறவர் பார்ப்பதைப் போல. "வர்றேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சிரஸ்தாருக்கு ஆட்சேபணை ஏதும் இருக்கா?" என்றார்.

இருந்தது. ஒன்றல்ல. காவிரிக்கரை நடை போய்விடும், கடைவாசல் வணக்கங்கள் போய்விடும், நான் யாரோடு சண்டை போடுவது என்பதும் இருந்தது. ஆனால் வழக்கு அவருடையது. வாதியே முடித்துக்கொண்ட பிறகு மூன்றாம் நபர் எழுந்து பேச எந்த கோர்ட்டிலும் இடமில்லை.

"இல்லைங்க" என்றேன்.

மண்டபத்துக்கு எதிரே ஓர் ஓட்டலில் நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். மெடிக்கல்காரர் காக்கி உடையிலேயே வந்து எங்கள் மேசையருகே நின்று, கடைசியில் அப்படி ஒரு திருப்பம் இருப்பதை ஒத்திகையில் ஏன் தன்னிடம் மறைத்தோம் என்று டீச்சரிடம் கோபித்துக்கொண்டார். அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. மாஸ்டர் இரண்டாவது ஈடு இட்லிக்குக் கையைக் காட்டினார். பசியோடு சாப்பிட்டார்.

"பூனாவுல இட்லி கிடைக்குமா?" என்று கேட்டார்.

மகன் யோசித்தான். "கிடைக்கும்பா. நல்லா இருக்காது."

"சரி" என்றார் மாஸ்டர், சாம்பாரை இழுத்து ஊற்றிக்கொண்டு. "அப்ப இங்கயே இன்னும் ரெண்டு சொல்லு."